கொழும்பில் ஒரு பழைய இராணுவ ஜீப்: எஞ்சினை எழுப்புவதிலிருந்து மலைப்பாதையில் இறக்கும் வரை

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே நின்று வில்லிஸ் ஜீப்புக்குச் சாமான் வேண்டும் என்று சொன்னால், கடைக்காரர் முதலில் கேட்பது "எந்த எஞ்சின் போட்ட ஜீப்?" என்பதாகத்தான் இருக்கும். இந்த நாட்டில் ஒரு பழைய ஜீப்பின் உடல் ஒன்றாகவும் எஞ்சின் வேறொன்றாகவும் கியர்பெட்டி மூன்றாவதொன்றாகவும் இருப்பது அவ்வளவு வழமையான விடயம். அப்படி மாற்றியவர்களை நான் குறை கூறவில்லை. பாகங்கள் கிடைக்காத காலத்தில் வண்டி ஓட வேண்டியிருந்தது. ஆனால் இந்த இலகுரக இராணுவ வண்டிகளில் எஞ்சினின் இழுவை, கியர் விகிதம், அச்சுகளின் இடைவெளி, பிரேக்கின் அளவு ஆகிய நான்கும் ஒன்றையொன்று நம்பிக் கணக்கிடப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு வண்டியைத் திருத்தவும் ஓட்டவும் விரும்புபவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். என்னிடமுள்ள வில்லிஸ் எம்.பி. (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க இராணுவ ஜீப்) வண்டியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற வகைகள் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் இடையிடையே குறிப்பிடுகிறேன்.

முதற் படி: கையில் இருப்பது எது என்று அறிதல்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரிலில், நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் புது டில்லியிலிருந்து பேராதனைக்கு வந்தது. இத்தகைய வண்டிகள் இலங்கை வீதிகளுக்குப் பழக்கமானது அந்தக் காலத்தில்தான். போருக்குப் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் அரச திணைக்களங்களும் ஜீப்புகளையும் லேண்ட் ரோவர்களையும் பயன்படுத்தின. பிற்பாடு மஹிந்திரா, மிற்சுபிசி ஜீப்புகள் வந்து சேர்ந்தன. எனவே "ஆமி ஜீப்" என்று விற்கப்படும் வண்டி உண்மையில் எது என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

முன் பக்கத்தில், ரேடியேற்றருக்குக் கீழே சட்டகத்தின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டைக் குனிந்து பாருங்கள். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்.பி. சட்டகம், தட்டையான பெட்டி வடிவமாக இருந்தால் ஃபோர்ட் நிறுவனம் அதே வரைபடத்தின்படி செய்த ஜி.பி.டபிள்யூ. சட்டகம். ஃபோர்ட் தனது ஆணிகளின் தலையில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. எஞ்சின் இலக்கத்தின் முன்னும் எம்.பி. அல்லது ஜி.பி.டபிள்யூ. என்ற எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். போர்க்கால எம்.பி. வண்டிகள் அனைத்தும் இடப்பக்க ஓட்டுநர் இருக்கை கொண்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள எம்.பி. என்று யாராவது காட்டினால், அது மாற்றப்பட்டது அல்லது வேறு வகை வண்டி.

எஞ்சின் மூடி வழமையைவிட உயரமாக இருந்தால் அது பெரும்பாலும் போருக்குப் பின் வில்லிஸ் பொதுமக்களுக்காகச் செய்த சி.ஜே.-3பி அல்லது அதன் மஹிந்திரா, மிற்சுபிசி வடிவங்களில் ஒன்று. அந்த உயரத்துக்குக் காரணம் எஃப்-134 எஞ்சின். வில்லிஸின் பழைய எஞ்சினில் இரண்டு வகை வால்வுகளும் சிலிண்டருக்குப் பக்கத்தில் எஞ்சின் கட்டையிலேயே (பிளொக்) இருந்தன. எஃப்-134இல் உள்ளிழுக்கும் வால்வைச் சிலிண்டர் தலைக்கு (ஹெட்) ஏற்றி, வெளியேற்றும் வால்வைக் கட்டையிலேயே விட்டார்கள். எஞ்சின் உயர்ந்தது, மூடியும் உயர்ந்தது, வலுவும் 60 குதிரைவலுவிலிருந்து 70ஐத் தாண்டியது. மிற்சுபிசி 1953இல் உரிமம் பெற்றுத் தொடங்கிய ஜீப் உற்பத்தியை 1998 வரை தொடர்ந்தது. நம்மவர்கள் பெரிதும் விரும்பும் 4டி.ஆர்.5 டீசல் எஞ்சின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது; 2,659 கனசென்ரிமீற்றர் கொள்ளளவு கொண்டது.

பதிவுப் புத்தகத்திலுள்ள சட்டக இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். எழுபது, எண்பது ஆண்டு பழைய வண்டியில் இலக்கத் தகடு புதிதாகப் பளபளத்தால், சட்டகத்தின் இரும்பில் அதற்குப் பொருத்தமான பழைமை இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இரண்டாம் படி: எஞ்சினைத் தொடுமுன் பிரேக்கும் ஸ்டியரிங்கும்

பழைய ஜீப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் எல்லோருக்கும் எஞ்சினின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எழும். ஓடத் தொடங்கிய வண்டியை ஒரு தெரு சுற்றிப் பார்க்கும் ஆசை அதைத் தொடர்ந்து வரும். நிறுத்த முடியாத வண்டியை ஓட விடுவதில் பொருளில்லை என்பதால், நான் இந்த வரிசையையே வலியுறுத்துகிறேன்.

எம்.பி. வண்டியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. அதன் நான்கு சக்கரங்களிலும் 9 அங்குல டிரம் பிரேக்குகள் உள்ளன. எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் பெடல் முழுவதும் தரையில் போய் விழும். ஆகவே இறப்பர்க் குழாய்கள் அனைத்தையும், சக்கரச் சிலிண்டர்களின் இறப்பர்களையும், கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும், புதிதாக மாற்றுங்கள். இரும்புக் குழாய்களை, குறிப்பாகச் சட்டகத்தில் கவ்வப்பட்டிருக்கும் இடங்களில், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை போலக் கடற்காற்று நேரே அடிக்கும் இடத்தில் நிறுத்தப்பட்ட வண்டியாயின் அந்தக் கவ்விகளின் அடியில்தான் துரு ஒளிந்திருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கொழும்பின் ஈரப்பதத்தில் அதை ஆண்டுக்கொரு முறை வடித்து மாற்றுவது செலவு குறைந்த காப்புறுதி.

கைப்பிரேக் பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் (எஞ்சினின் இழுவையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் பெட்டி) பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடிக்கிறது. லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளிலும் அப்படியே. இதனால் வரும் ஆபத்தைப் பலர் அறிவதில்லை. ஒரு பின் சக்கரத்தை ஜக்கில் தூக்கியவுடன், டிஃபரன்சியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) அந்தச் சக்கரத்தை எதிர்த்திசையில் சுழல விட்டு, தரையிலுள்ள சக்கரத்தை விடுவித்துவிடும். கைப்பிரேக் இறுகப் பிடித்திருந்தாலும் வண்டி உருளும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்காமல் இந்த வண்டிகளை ஒருபோதும் தூக்காதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது இன்னொரு கவனம் தேவை. எம்.பி. வண்டியின் இடப்பக்கச் சக்கர ஆணிகள் இடம்புரி மரை கொண்டவை. வழமையான திசையில் திருப்பினால் கழலாமல் இறுகும். என் வண்டியை ஒரு ரயர்க் கடையில் விட்டிருந்தபோது, பெரிய குழாய் செருகி பலம் கொடுத்துத் திருப்பி மூன்று ஆணிகளை முறித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இடப்பக்க ஹப்புகளில் அம்புக்குறி வரைந்து வைத்திருக்கிறேன். இரண்டு பாதிகளாக ஆணியால் இணைக்கப்பட்ட இராணுவ ரிம் உங்கள் வண்டியில் இருந்தால், ரியூப்பின் காற்றை முழுவதும் இறக்கி, வால்வின் உட்பகுதியையும் கழற்றிய பின்னரே அந்த இணைப்பு ஆணிகளைத் தொடலாம். காற்றிருக்கும்போது கழற்றினால் ரிம்மின் பாதி பறந்து ஆளைக் கொல்லும்.

ஸ்டியரிங்கைச் சரிபார்க்க இருவர் வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ அதுவே தேய்ந்த இடம். தண்டுகளின் நுனிகள், நடுவிலுள்ள திருப்புக் கை, ஸ்டியரிங் பெட்டி, கடைசியாகக் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) பெயரிங் என்ற வரிசையில் போங்கள். ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கி எல்லா ஆட்டத்தையும் மறைக்கப் பார்ப்பது கராஜ்களில் நடக்கும் தவறு; நேராக ஓடும்போது நன்றாயிருக்கும், திருப்பத்தில் இறுகி நிற்கும். மூட்டுகள் சரியான பின் முன் சக்கரங்களின் உட்சாய்வை (அவற்றின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருக்கும் அளவு) 3/64 முதல் 3/32 அங்குலத்துக்குள் அமையுங்கள். வாசலில் நூல் கட்டியே இதை அளந்துவிடலாம். குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்தாற்போல் நடுங்கும் நோய்க்கு, நான் கண்டவரையில், ரயர் சமநிலை அரிதாகவே காரணம். கிங்பின் பெயரிங்கின் இறுக்கம் போனதே பெரும்பாலும் காரணம்.

மூன்றாம் படி: நீண்டநாள் உறங்கிய எஞ்சினை எழுப்புதல்

கோ டெவில் என்று பெயர் பெற்ற வில்லிஸ் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது, 134.2 கன அங்குலம், அதாவது 2.2 லீற்றர். சிலிண்டரின் விட்டம் 79 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 111 மில்லிமீற்றர். குறுகலான சிலிண்டரில் நெடுந்தூரம் ஓடும் பிஸ்டன், பக்க வால்வுகள், 6.48க்கு 1 என்ற தாழ்ந்த அமுக்க விகிதம்: இந்த மூன்றும் சேர்ந்தே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன. 60 குதிரைவலுவைத் தர அது நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓட வேண்டும். ஆனால் அதன் உச்ச இழுவையான 105 அடி-இறாத்தல் 2,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஓட்டும்போது செய்ய வேண்டியவை எல்லாம் இந்த இரண்டு எண்களிலிருந்தே பிறக்கின்றன.

பல ஆண்டு நின்ற எஞ்சினைப் பற்றரி வைத்துச் சுற்றாதீர்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கியர்பெட்டி ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்த கலவையில் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பின்னர் முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பிளக் போட்ட பின் ஒருநாள் எஞ்சின் பின்னுக்கு உதைத்தால், கைப்பிடியைச் சுற்றி வளைத்த பெருவிரல் முறியும்.

எஞ்சின் இலேசாகச் சுற்றத் தொடங்கியதும் அடித்தட்டைக் கழற்றுங்கள். பழைய வண்டிகளின் அடித்தட்டில் விரற்கடை ஆழத்துக்குக் கருஞ்சேறு படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் இன்றைய கழுவும் தன்மையுள்ள ஒயிலை ஊற்றினால், அந்தச் சேறு கரைந்து ஒயில் பம்பின் வடியை அடைக்கும். சுத்தம் செய்தபின் எஸ்.ஏ.ஈ. 30 அல்லது கொழும்பின் வெப்பத்துக்கு 40 தரத்துச் சாதாரணக் கனிய எண்ணெய் போதுமானது. விலையுயர்ந்த செயற்கை எண்ணெய் இந்த எஞ்சினின் பழைய சீல்களில் கசியுமேயன்றி வேறு நன்மை தராது.

பெற்றோல் தாங்கி எம்.பி. வண்டியில் ஓட்டுநரின் இருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. துருப்பிடித்த தாங்கியை வெல்டிங் செய்ய நினைத்தால், அதை வண்டியிலிருந்து கழற்றி, பல தடவை கழுவி, நீராவி ஏற்றிய பிறகு, தாங்கிகளை மட்டுமே திருத்துபவரிடம் கொடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மின்சாரம் 6 வோல்ட். 6 வோல்ட் பலவீனமானது என்று சொல்லி 12க்கு மாற்றச் சொல்பவர்கள் அதிகம். 6 வோல்ட்டுக்குத் தடித்த கேபிள் வேண்டும். 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு ஸ்டாட்டரைக் குறை சொல்வதே வழமையாக நடக்கிறது. பெருவிரல் தடிப்புக் கேபிளும், எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் இடையே பளிச்சென்று சுரண்டிய இரும்பில் பொருத்திய நில இணைப்பும் இருந்தால், காலால் மிதிக்கும் அந்த ஸ்டாட்டர் கொழும்பில் ஒருபோதும் சோர்ந்து போகாது. பழைய லேண்ட் ரோவர்கள் நேர்முனையை நிலமாகக் கொண்டவை, எம்.பி. எதிர்முனையை நிலமாகக் கொண்டது. பற்றரியைப் பொருத்துமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: செம்மைப்படுத்தும் வரிசை

முதலில் அமுக்கம், அடுத்து வால்வு, பிறகு பொறி, கடைசியில் காபரேற்றர். இந்த வரிசையைக் குழப்பி, காபரேற்றரின் திருகிலிருந்து தொடங்குபவர் பல வாரங்களை இழப்பார்.

அமுக்கமானியில் வரும் எண்ணைவிட நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலான வேறுபாடே முக்கியமானது. சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்குள் நான்கும் நின்றால் எஞ்சின் நேர்மையானது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளவிடுங்கள்: உயர்ந்தால் பிஸ்டன் வளையம், உயராவிட்டால் வால்வு. அருகருகே உள்ள இரண்டு ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கிடையில் தலைக் கஸ்கட் போயிருக்கிறது.

வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.014 அங்குலத்துக்கு அமைக்க வேண்டும். எஃப்-134 எஞ்சினில் உள்ளிழுப்புக்கு 0.018, வெளியேற்றத்துக்கு 0.016. வால்வுகளின் மூடி எஞ்சினின் பக்கத்தில், வெளியேற்றக் குழாய்க்குக் கீழே, கை நுழையச் சிரமமான இடத்தில் இருக்கிறது. பொறுமையும் மெல்லிய ஸ்பானர்களும் தேவை. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒன்று மூட ஒன்று திறக்கும் நிலையில் ஆடும்போது முதலாம் சிலிண்டரை அமையுங்கள். இரண்டு ஆடும்போது மூன்றையும், ஒன்று ஆடும்போது நான்கையும், மூன்று ஆடும்போது இரண்டையும் அமைத்தால் வேலை முடிந்தது. பக்க வால்வு எஞ்சினில் 'டிக் டிக்' என்ற சத்தம் மெல்லியதாகக் கேட்கட்டும். சத்தமே இல்லாமல் இறுக்கமாக அமைத்தால் வெளியேற்றும் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துவிடும். சத்தத்தை வெறுத்து வால்வை எரித்தவர்கள் பலர்.

பொறிக்கு: பொயின்ற் (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் முனைகள்) இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030. பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 5 பாகை முன்னதாகப் பொறி விழ வேண்டும். பறக்கும் சக்கரத்தில் அதற்கான குறி உண்டு, கிளட்ச் கூட்டின் சிறு துவாரம் வழியாக அதைப் பார்க்கலாம். இத்தனை தாழ்ந்த அமுக்க விகிதத்துக்கு 92 ஒக்ரேன் பெற்றோல் தாராளமானது. 95 ஊற்றுவதால் எந்தப் பயனும் இல்லை.

எல்லாம் சரியானபின் உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிடமானியை இணைத்துப் பாருங்கள். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல எஞ்சின் 18 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டி, ஊசி அசையாமல் நிற்க வேண்டும். காபரேற்றரின் ஐட்ல் (முடுக்காத நிலை ஓட்டம்) திருகை அந்த ஊசி உச்சிக்குப் போகும் இடத்தில் விடுங்கள். எஞ்சின் சூடேறிய பின் ஐட்லில் ஒயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்குக் கீழே போகாமல் இருந்தால் மனநிம்மதியோடு வீதிக்கு வரலாம்.

ஐந்தாம் படி: கொழும்பு வெப்பமும் நெரிசலும்

பக்க வால்வு எஞ்சினின் எரிந்த புகை, கட்டைக்குள்ளேயே வளைந்து வெளியேறுகிறது. அந்த வெப்பத்தில் கணிசமான பகுதி குளிர்நீருக்குப் போகிறது. எனவே மேல்தலை வால்வு எஞ்சினைவிட இதற்கு ரேடியேற்றரின் சுத்தம் அதிகம் தேவை. காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தி முதல் வெள்ளவத்தை வரை மாலை ஐந்தரைக்கு ஊர்வதே உண்மையான பரீட்சை. ரேடியேற்றரைக் கழற்றி உள்ளே குழாய்களைக் கோலிட்டுச் சுத்தம் செய்யுங்கள். கட்டையின் பின்பகுதியில், நான்காம் சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு கூடுதலாகத் தேங்கும். நீர்வடிப்பு ஆணியைக் கழற்றிக் கம்பியால் கிளறினால் எவ்வளவு வருகிறது என்பதைக் கண்டு வியப்பீர்கள். தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது தீர்வாகாது. எஞ்சின் ஒயிலிலுள்ள ஈரத்தைப் போக்குமளவுக்குச் சூடேறாது. புதிய கார்களின் உயர் அழுத்த ரேடியேற்றர் மூடியையும் போடாதீர்கள். பழைய ஈயப் பற்றுகள் அதைத் தாங்கா.

நெரிசலில் சூடேறி நின்ற எஞ்சின், அணைத்துப் பத்து நிமிடம் கழித்து எழும்ப மறுத்தால், பெற்றோல் குழாயில் ஆவி அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். பெற்றோல் குழாயை வெளியேற்றக் குழாய்க்குத் தூரமாக, தொழிற்சாலை விட்ட வழியிலேயே கொண்டுசெல்லுங்கள். உள்ளிழுப்புக் குழாய்க்குச் சூடு கொடுக்க வெளியேற்றக் குழாயில் ஒரு மடல் இருக்கிறது. குளிர் நாடுகளுக்காக வைத்தது அது. துருப்பிடித்து "சூடு" நிலையில் சிக்கிய மடலைத் தளர்த்தி "குளிர்" நிலையில் நிறுத்தினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும்.

ஆறாம் படி: கியர்பெட்டியும் இரட்டைக் கிளட்சும்

மூன்று கியர் கொண்ட ரி-84 பெட்டியில் முதற் கியருக்கு ஒத்தியக்கி (பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் சாதனம்) இல்லை. வண்டி நின்றிருக்கும்போது மட்டும் முதற் கியரைப் போடுங்கள். ஓடும்போது தேவைப்பட்டால் கிளட்சை மிதித்து நடுநிலைக்கு வந்து, கிளட்சை விட்டு, எஞ்சினைச் சற்று உயர்த்தி, மீண்டும் மிதித்துப் போட வேண்டும். லேண்ட் ரோவரில் 1971இல் வந்த சீரிஸ் 3க்கு முந்திய வண்டிகளில் முதல் இரண்டு கியருக்கும் இதே பாடம். இரவில் வாகனங்கள் குறைந்த மரைன் டிரைவில் ஒரு வாரம் பழகினால் கை தானாகச் செய்யும்.

பெட்டிக்கு ஜி.எல்.-5 தரத்து ஒயில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை வெண்கல வளையங்களை அரிக்கும். ஜி.எல்.-4, எஸ்.ஏ.ஈ. 90 போதும். கியர்பெட்டி ஒயில் இடைச்சீல் வழியாக டிரான்ஸ்பர் பெட்டிக்குக் கசிவது இந்தக் குடும்பத்தின் பிறவிக்குணம். ஆதலால் இரண்டின் மட்டத்தையும் ஒன்றாகப் பாருங்கள்: ஒன்று கூடி மற்றது குறைந்திருந்தால் காரணம் அதுவே.

ஏழாம் படி: தார் வீதியில் ஓட்டுதல்

அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம், சக்கரங்களுக்கு இடையே 49 அங்குலம். சிறு கார் ஒன்றைவிடக் குட்டையும் ஒடுக்கமுமான அந்த அடித்தளத்தின் மேல் நீங்கள் உயரமாக, திறந்தவெளியில் அமர்ந்திருக்கிறீர்கள். தட்டு வில்கள் குறுகியவை. சுமையில்லாத வண்டி பள்ளத்தில் துள்ளும், துள்ளும் நேரத்தில் ரயருக்குத் தரையில் பிடிப்பு இல்லை. எனவே எந்தச் செயலையும் இரண்டாகப் பிரிக்கப் பழகுங்கள். திருப்பத்துக்கு முன் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்து, பிறகு திரும்பி, பாதி கடந்த பின் மெதுவாக முடுக்குங்கள். திருப்பத்தின் நடுவே திடீரென முடுக்கியிலிருந்து காலை எடுப்பதும் பிரேக் மிதிப்பதும் பின் சக்கரங்களை வெளியே தள்ளும். முச்சக்கரவண்டி குறுக்கே வந்தால், கையை வெட்டித் திருப்புவதைவிட நேராகப் பிரேக் பிடிப்பதே இந்த வண்டிக்குப் பாதுகாப்பு.

ஒரு வரலாற்று உதாரணம் இதை நன்கு விளக்கும். அமெரிக்க இராணுவத்துக்காக ஃபோர்ட் வடிவமைத்து 1960 அளவில் சேவைக்கு வந்த எம்.151 வண்டி, தட்டு வில்லைக் கைவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கலை (சஸ்பென்ஷன்) தந்தது. மேடுபள்ளத்தில் அது வில்லிஸைவிடச் சுகமாக ஓடியது. ஆனால் பின் சக்கரங்கள் ஊஞ்சல்போல் ஆடும் அச்சுகளில் இருந்ததால், கடும் திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கி, உடலைத் தூக்கிக் கவிழ்த்தது. எம்.151ஏ2 வடிவத்தில் பின் தொங்கலையே மாற்ற வேண்டியதாயிற்று. சுகமான தொங்கல் ஓட்டுநருக்கு எச்சரிக்கையைத் தாமதமாகவே தருகிறது; வில்லிஸின் கடினமான தட்டு வில் எல்லை நெருங்குவதை முதுகெலும்புக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

வேகத்தைப் பற்றி வண்டியே பேசுகிறது. 6.00-16 ரயரோடும் 4.88 அச்சு விகிதத்தோடும் மூன்றாம் கியரில் எஞ்சினின் உச்ச இழுவையான 2,000 சுற்று, மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீற்றரில் வருகிறது. 50க்கும் 65க்கும் இடையில் ஓட்டும்போது எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் மூன்றும் ஒன்றாக நிம்மதியாக இருப்பதை உணர்வீர்கள். டாஷ்போர்டுத் தகடு மூன்றாம் கியருக்கு மணிக்கு 65 மைல் என்று எல்லை வகுத்திருக்கிறது. அதை வழமையான வேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 4டி.ஆர்.5 போன்ற டீசல் எஞ்சின் ஏற்றிய வண்டியாயின், முன் அச்சின் மேல் சுமை கூடியிருக்கிறது, பிரேக்கோ பழைய 9 அங்குலம். அப்படி மாற்றியவர்கள் முன் வில்லையும் பிரேக்கையும் அந்த எடைக்கேற்ப மாற்றாமல் நெடுந்தூரம் போவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன்.

இராணுவக் கோலத்து ரயர்கள் மழைத்தாரில் வழுக்கும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் வீதியின் எண்ணெய்ப் படலம் மேலெழும் அரைமணி நேரம், எங்காவது ஒதுங்கித் தேநீர் குடிப்பதற்கு உகந்த நேரம்.

எட்டாம் படி: நான்கு சக்கர இழுவை

இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்சியல் இல்லை. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின்னவற்றைவிட நீண்ட பாதையில் உருள்கின்றன. தளர்ந்த மண்ணில் ரயர் சற்றுச் சறுக்கி அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். காய்ந்த தாரில் அது முடியாது. தண்டுகள் முறுக்கேறி, நெம்புகோல் சிக்கி, கடைசியில் ஏதோ ஒன்று முறியும். ஆகவே முன் இழுவையை மண்ணில் இறங்கிய பின் போட்டு, தாருக்கு ஏறுமுன் எடுங்கள். சிக்கினால் சில அடி பின்னுக்கு ஓட்டினால் விடுபடும்.

டிரான்ஸ்பர் பெட்டியின் தாழ்நிலைக் கியர் 1.97 விகிதம், முதற் கியரோடும் அச்சோடும் சேர்த்தால் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் 25 முறைக்கு மேல் சுற்றுகிறது. முன் இழுவை போட்டிருந்தால் மட்டுமே தாழ்நிலை விழும்படி பூட்டு இருக்கிறது. பின் அச்சு மட்டும் அத்தனை முறுக்கத்தைத் தாங்காது என்பதே காரணம். ஹங்வெல்லை, அவிசாவளைப் பக்கத்து இறப்பர்த் தோட்டப் பாதைகளில், உரியவரின் அனுமதியோடு, மழை விட்ட மறுநாள் பழகுங்கள். சேற்றில் இறங்குமுன்பே கியரைத் தெரிவு செய்து, நடுவில் மாற்றாமல், ஐட்லைவிடச் சற்றே உயர்வாக ஊர விடுங்கள். சக்கரம் வீணாகச் சுற்றத் தொடங்கினால் முடுக்குவது குழி தோண்டும். ஸ்டியரிங் கம்பிகளுக்கு உள்ளே பெருவிரலை விடாதீர்கள். முன் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் ஒரு நொடியில் சுழன்று விரலை உடைக்கும். கைப்பிடிக்குச் சொன்ன அதே விதி.

நீரைக் கடக்கும் எல்லையாக இராணுவக் கைநூல் வகுத்தது 21 அங்குலம். ஓடும் நீரில் நான் அதன் பாதியைத்தான் நம்புவேன். களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீதிக்கு வரும் நீரில் இறங்கவே மாட்டேன், அடியில் மூடியற்ற வடிகால் எங்கே என்று எவருக்கும் தெரியாது. கடந்த பின்னர் பிரேக்கை இலேசாக மிதித்தபடி நூறு மீற்றர் ஓட்டி டிரம்களை உலர்த்துங்கள். அடுத்த நாள் டிஃபரன்சியல் ஒயில் பால் நிறமாக இருந்தால் நீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

ஒன்பதாம் படி: மலையேறி இறங்குதல்

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டன் செல்லும் வீதி, இதுவரை செய்த வேலை அனைத்தையும் ஒரே நாளில் சோதிக்கும். ஏறும்போது எஞ்சின் திணறும் வரை மூன்றாம் கியரில் பிடித்திருக்காமல், 1,500 சுற்றுக்குக் கீழே போகுமுன் இரண்டாவதுக்கு வாருங்கள். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் வெற்றிடமானி ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழும். நுவரெலியாவில் அது ஆறங்குலம் குறைந்து காட்டினால் எஞ்சினில் குறையில்லை, காற்று மெலிந்துவிட்டது. காபரேற்றர் கொழும்புக்கு அமைத்ததாகையால் மேலே பெற்றோல் செறிவு கூடி, பிளக் கறுக்கும். அங்கே ஒரு நாள் மட்டும் தங்குவதாயின் தொட வேண்டாம்.

இறங்குவதே கடினமானது. அமுக்கம் குறைந்த எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலுவும் குறைவு, அதனால் மூன்றாம் கியர் இறக்கத்தில் ஒன்றும் செய்யாது. உச்சியிலேயே நிறுத்தி இரண்டாவதையோ, செங்குத்தான பகுதிக்கு முதலாவதையோ தெரிவு செய்யுங்கள். இறங்கத் தொடங்கிய பின் ஒத்தியக்கியில்லாத முதற் கியரைத் தேடினால் நடுநிலையில் அகப்பட்டு வண்டி ஓடிவிடும். தார் வீதியில் தாழ்நிலைக் கியரைப் பயன்படுத்த ஆசை வரும். வளைவுகள் நிறைந்த காய்ந்த தாரில் முன் அச்சு முறுக்கேறும் என்பதால் அதைத் தவிருங்கள். பிரேக்கை மெல்லிதாக நெடுநேரம் பிடிப்பது டிரம்மைச் சூடாக்கி விரிக்கும், பெடல் ஆழமாகப் போகும். உறுதியாகச் சில விநாடி பிடித்து, முழுவதும் விட்டு, மீண்டும் பிடியுங்கள்.

கித்துல்கலையில் சமதரை வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, நான்கு ஹப்புகளிலும் புறங்கையை மெதுவாக அருகே கொண்டுசென்று பாருங்கள். நான்கும் ஒரே அளவு சுட்டால் நல்லது. ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது அல்லது பெயரிங் இறுகியிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் வேலை செய்யவில்லை. எந்தச் சக்கரம் என்பதை அங்கேயே கொப்பியில் எழுதி, கொழும்பு வந்ததும் முதல் வேலையாக அந்த டிரம்மைக் கழற்றுங்கள்.